ஏழு பொண்ணுங்க, ஒரு பின் ஆக்சில்

பிப்ரவரி 8, ஞாயிறு

அக்கா வண்டி வாங்கிட்டேன் வாங்கிட்டேன் வாங்கிட்டேன், சொந்த வண்டி, நாலு சக்கரமும் இழுக்குற வண்டி, மூணு வரிசை சீட்டு, இந்த வருஷம் உன் மலைப் பள்ளிக்கூடத்து ஏழு பொண்ணுங்களையும் வாலிபால் மேட்சுக்கு நான்தான் கூட்டிட்டுப் போறேன்!!!

இரு, மூச்சு வாங்கிக்கறேன்.

பழைய வண்டிதான். பன்னெண்டு வயசு. மூணு வருஷமா என் போன்ல முகப்புப் படமா இருந்துச்சே, அதே மாடல், அதே கரும்பச்சை. இந்த மாடல் வச்சிருக்கறவங்க குரூப்ல நான் வண்டியே இல்லாம ரெண்டு வருஷமா குப்பை கொட்டிட்டு இருந்தேன்னு உனக்குத் தெரியும்ல? கண்டவங்க வண்டிக்கெல்லாம் வைத்தியம் சொல்லிட்டு. நேத்து "எடுத்தாச்சு"ன்னு படம் போட்டதும் முந்நூறு லைக்கு. ஒருத்தர் மட்டும் "அப்ப இத்தனை நாளா வண்டி இல்லாமலா எங்களுக்கு கிளாஸ் எடுத்த?"ன்னு கேட்டாரு. அவருக்கு மட்டும் பதில் போடல.

அப்பா வண்டியச் சுத்தி மூணு தடவ நடந்தாரு. "பெருசா இருக்கு"ன்னாரு. அவ்ளோதான். அம்மா "இத இங்க நிறுத்திட்டா துணிய எங்கடி காயப் போடறது"ன்னாங்க. ரசனையே இல்லாத குடும்பம்.

நான் உள்ள உக்காந்து கதவைச் சாத்தினேன் பாரு, "தும்"னு ஒரு சத்தம். அலமாரி சாத்துற மாதிரி இல்ல. பெட்டகம் சாத்துற மாதிரி. அழுகையே வந்துடுச்சு.

சத்தம்னதும் ஞாபகம் வருது. ஒரே ஒரு குட்டி விஷயம். இப்ப சொல்லாம விட்டா அப்புறம் நீ திட்டுவ. நாப்பது தாண்டுனா பின்னாடி "ஊஊஊம்"னு ஒண்ணு கேக்குது. அம்பதுல "ஊஊங்ங்ங்". அறுபதுல வண்டிக்குள்ள யாரோ வாயத் தொறக்காம பாடுற மாதிரி இருக்கு. இடது பக்கம் திருப்புனா ஏறுது, வலது பக்கம் திருப்புனா இறங்குது. பின் ஆக்சில்ல, அதான் பின் சக்கரம் ரெண்டையும் தாங்குற தண்டுல, ஏதோ தேஞ்சிருக்கு. சின்ன வேலைதான். மேட்சுக்கு இன்னும் அஞ்சு வாரம் கிடக்கு.

பொண்ணுங்ககிட்ட இன்னைக்கே சொல்லிடு. ப்ளீஸ் ப்ளீஸ்.

உன் வாலு


பிப்ரவரி 12, வியாழன்

வாலு,

உன் கடிதத்தைப் பால் வண்டிக்காரர் வகுப்பு வாசலுக்கே வந்து கொடுத்தார். உறையின் மேல் "அவசரம்" என்று நான்கு இடத்தில் எழுதியிருந்ததால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயந்துவிட்டார். இனிமேல் ஒரு இடத்தில் எழுது.

இங்கே போனில் சிக்னல் இன்னும் எடுக்கவில்லை. பெரிய பாறை மேல் ஏறி நின்றால் ஒரு கோடு வரும் என்று ஓவிய ஆசிரியர் ஏறினார். வழுக்கி விழுந்ததுதான் மிச்சம். ஆகவே கடிதம்தான்.

வண்டி வாங்கியதில் எனக்கும் சந்தோஷம். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஆனால் உன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மூன்று வரிசை என்றால் எட்டு சீட்டு. ஓட்டுகிற நீ ஒன்று, பொண்ணுங்கள் ஏழு. நான் எங்கே உட்காருவது? கேரியரிலா?

பொண்ணுங்களிடம் சொல்லமாட்டேன்.

போன வருஷத்தை நீ மறந்திருப்பாய். எனக்கு மறக்கவில்லை. நீ உன் தோழியின் வண்டியில் வருகிறாய் என்று அவர்களிடம் சொன்னது நான்தான். காலை ஐந்தரைக்கே ஏழு பேரும் சீருடையோடு வந்து பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்தார்கள். முதல் நாளே ஷூவைத் தேய்த்து வெள்ளை பூசி வைத்திருந்தார்கள். பத்து மணிக்கு ஒருத்தி ஷூவைக் கழற்றினாள். பன்னிரண்டுக்குள் எல்லோரும் கழற்றிவிட்டார்கள். நெட்டை மட்டும் மாலை நான்கு மணி வரை கழற்றவில்லை. அவள்தான் கேப்டன், உனக்கு ஞாபகம் இருக்கும். "ஏன் டீச்சர் வரல" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கேட்கவே இல்லை.

அந்த வண்டி அடிவாரத்திலேயே புகை விட்டுக்கொண்டு நின்ற கதை எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. அதற்கப்புறம் நாம் இருவரும் எத்தனை கடிதம் எழுதிக்கொண்டோம்? பிறந்தநாளுக்கு ஆளுக்கொன்று.

சத்தம் நிற்கட்டும். நின்றது என்று எழுது. அப்போது சொல்கிறேன். வருகிறோமா இல்லையா என்று மார்ச் பத்தாம் தேதிக்குள் நான் போட்டி நடத்துகிறவர்களுக்கு எழுத வேண்டும். பால் வண்டியில் கேனுக்கே இடம் போதாது, ஏறி வருகிற வேறு வண்டி எதுவும் கிடையாது என்பது உனக்கே தெரியும்.

அக்கா


பிப்ரவரி 22, ஞாயிறு

அக்கா,

உன் கடிதத்த படிச்சிட்டு ஒரு நாள் முழுக்க வண்டிப் பக்கமே போகல. ஷூ விஷயம் எனக்குத் தெரியாது. சரி. அத அப்புறம் பேசறேன்.

இப்ப வேலை நிலவரம். முதல்ல டயரோன்னு சந்தேகப்பட்டு முன்னாடி டயர பின்னாடியும் பின்னாடி டயர முன்னாடியும் மாத்திப் பாத்தேன். நானேதான் மாத்துனேன், இருவது போல்ட்டு, கை ரெண்டும் கொப்பளம். சத்தம் கொஞ்சம்கூட அசையல. அப்ப டயர் இல்ல. கியர் ஆயிலா? ஆக்சிலோட நடு உருண்டையில ஆயில் கொஞ்சம் கம்மியா இருந்துச்சு, ஊத்துனேன். "ஊஊம்" அப்படியே இருக்கு.

அப்புறம்தான் என் மூளை வேலை செஞ்சுச்சு. வீடியோ! வண்டிய நம்ம வாசல்ல வீட்டப் பாத்து நிறுத்தி, பின் சக்கரம் ரெண்டையும் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வச்சு, முன் சக்கரத்துக்குக் கல்லு குடுத்தேன். (அம்மா துணி துவைக்கிற கல்லுதான். மூச்சு விடாத.) நான் உள்ள உக்காந்து, முன் சக்கர இழுவைய ஆஃப் பண்ணிட்டு கியர் போட்டா பின் சக்கரம் ரெண்டும் அந்தரத்துல சுத்தும். பின்னாடி நின்னு பாக்கத்தான் ஆள் இல்ல. அப்பா "நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்"னுட்டாரு. அதனால போனை பின்னாடி ஒரு செங்கல்ல சாச்சு வச்சு எடுத்தேன். செல்ஃபி கேமராவுல, அப்பதான் ரெண்டு சக்கரமும் படத்துக்குள்ள விழுதான்னு எட்ட நின்னே பாக்கலாம். நெட்ல போடறதுன்னா நம்பர் பிளேட்ட மறைக்கணும், அதனால துண்டு போட்டு மூடிட்டேன். பின் கதவுல பேரு எழுத்துகூட இல்ல, எல்லாம் எப்பவோ உதிர்ந்துடுச்சு.

குரூப்ல போட்டேன். நாப்பத்திமூணு பேரு பதில் போட்டாங்க அக்கா! நாப்பத்திமூணு! எல்லாரும் ஒரே வாயா சொன்னது: "இடது சக்கரம் ஆடுது பாரு, இடது பேரிங் போச்சு." வாழ்க்கைல அந்தக் குரூப்ல எல்லாரும் ஒத்துப்போனது இதுதான் முதல் தடவ.

உடனே நம்ம தெருமுனை மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். இடது பக்கம் கழட்டி, உள்ள இருக்கற நீட்டுக் கம்பிய பேரிங்கோட வெளிய இழுத்தாரு. பேரிங்க விரலால சுண்டி விட்டாரு. சத்தமே இல்லாம வழவழன்னு சுத்துச்சு.

"இது நல்லாத்தானே இருக்கு பாப்பா?"

"அண்ணே, நாப்பத்திமூணு பேரு பாத்துட்டு சொல்றாங்க."

"அதுல எத்தன பேரு வண்டியத் தொட்டுப் பாத்தாங்க?"

"குரூப்ல ரெண்டாயிரம் பேரு இருக்காங்கண்ணே!"

"ஓஹோ. ரெண்டாயிரம் பேரா. அப்ப சரி"ன்னு சொல்லிட்டு, அமுக்குற மெஷின்ல வச்சு நல்ல பேரிங்க நறுக்குனு பிடுங்கிட்டு புதுச மாட்டிட்டாரு. மாட்டும்போது வாய்க்குள்ள ஏதோ சொன்னாரு. கேக்கல.

இப்ப சத்தம் குறைஞ்ச மாதிரி இருக்கு.

மாதிரி.

இல்ல அக்கா. குறையல. உங்கிட்ட பொய் எழுத கை வரல. நாளைக்கு நடு உருண்டையக் கழட்டலாமான்னு யோசிக்கறேன். குரூப்ல இப்ப அதுதான் சொல்றாங்க. அது கழட்டுனா ரெண்டு வாரம் ஆகும். பத்தாம் தேதிக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு.

வீடியோல இருந்து ஒரு படம் பிரிண்ட் போட்டு இதுல வச்சிருக்கேன். வண்டி எப்படி இருக்குன்னு நீயாவது பாரேன். பொண்ணுங்களுக்குக் காட்டாத.

வாலு


பிப்ரவரி 26, வியாழன்

வாலு,

காட்டவில்லை. ஆனால் நடந்துவிட்டது.

படத்தைக் கணக்கு நோட்டுக்குள் வைத்திருந்தேன். திருத்திய நோட்டுகளோடு அதுவும் குண்டூசி கைக்குப் போய்விட்டது. குண்டூசிதான் அணியிலேயே குட்டை, வாயும் அவளுக்குத்தான் அதிகம். மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"டீச்சர், இது நம்ம வண்டியா?"

"என் தங்கச்சி வண்டி. ரிப்பேரில் இருக்கிறது."

"ரிப்பேர்னா சரியாயிடும்ல டீச்சர்?"

அன்று மாலையே வகுப்பு பெஞ்சுகளை மூன்று வரிசையாகப் போட்டு ஏறி இறங்கப் பழகினார்கள். வண்டியில் ஏறுவதற்கு ஒரு பயிற்சி! ஜன்னல் ஓரம் யாருக்கு என்று ஒரே சண்டை. குண்டூசிக்கு வளைவுகளில் வாந்தி வரும், அதனால் அவள் முன் சீட்டு என்று நெட்டை தீர்ப்புச் சொன்னாள். "அப்ப எனக்கும் வாந்தி வரும்" என்று உடனே மூன்று பேர் கை தூக்கினார்கள். நான் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்து எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உன்மேல் இல்லை, என்மேல்தான்.

பத்தாம் தேதி. அதற்குள் ஆம் அல்லது இல்லை என்று ஒரு வரி போதும். "மாதிரி" வேண்டாம். இல்லை என்றால் இல்லை என்று எழுது, நானே அவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். படியில் மட்டும் மறுபடியும் உட்கார வைக்க மாட்டேன்.

இன்னொன்று. கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், மனசு கேட்கவில்லை. வாசல் தண்ணீர்த் தொட்டியை எப்போது இடம் மாற்றினீர்கள்? வீட்டைப் பார்த்து நின்றால் அது வலது பக்கம்தானே? நீ அனுப்பிய படத்தில் இடது பக்கம் நிற்கிறது. நான் தடுக்கி விழுந்து முட்டியில் ஐந்து தையல் போட்டுக்கொண்ட தொட்டி. அதை இடித்து வேறு பக்கம் கட்டியிருக்கிறீர்கள், எனக்கு ஒரு வார்த்தை இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டீர்கள் போல.

அக்கா


மார்ச் 4, புதன்

அக்கா தொட்டிய யாரும் நகர்த்தல!!!!

தொட்டி அங்கயேதான் இருக்கு! வலது பக்கம்! நீ விழுந்த அதே இடத்துல! உன் கடிதத்த வாசல்ல நின்னு படிச்சேன், தொட்டியப் பாத்தேன், படத்தப் பாத்தேன், மறுபடி தொட்டியப் பாத்தேன், அப்படியே தரையில உக்காந்துட்டேன். அம்மா ஓடி வந்து "யாருக்குடி என்ன ஆச்சு"ன்னாங்க. "அம்மா, படம் கண்ணாடியில பாக்கற மாதிரி திரும்பி இருக்கும்மா!"ன்னேன். அம்மாவுக்கு ஒண்ணும் புரியல, தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க.

என் போன்ல செல்ஃபி கேமரா எல்லாத்தையும் இடம் வலம் மாத்தித்தான் சேமிக்குது. வீடியோல இடது பக்கம் ஆடுன சக்கரம் நிஜத்துல வலது சக்கரம்! நாப்பத்திமூணு பேரும் சக்கரத்தையே மொறச்சுப் பாத்தாங்களே ஒழிய, சைலன்சர் எந்தப் பக்கம் நீட்டிட்டு இருக்குன்னு ஒரு ஜீவன் பாக்கல. நானும் பாக்கல. வண்டியோட சொந்தக்காரி! நம்ம வாசல் தெரிஞ்ச ஒரே ஆளு நீதான், மலை மேல இருந்துகிட்டு கண்டுபிடிச்சிருக்க. கண்டுபிடிச்சதுகூடத் தெரியாம கோவிச்சிட்டு வேற இருக்க!

இதுல பெரிய கூத்து என்ன தெரியுமா? இடது பக்கம் திருப்புனா சத்தம் ஏறுதுன்னு முதல் கடிதத்துலயே உனக்கு எழுதியிருக்கேன். இடது பக்கம் திரும்புறப்ப பாரமெல்லாம் வலது சக்கரத்து மேல சாயும். சத்தம் ஏறுனா வலது பேரிங்தான் போயிருக்கணும். இத நானே குரூப்ல பத்து பேருக்காவது சொல்லியிருப்பேன். என் காது சரியாத்தான் சொல்லுச்சு. நாப்பத்திமூணு பேரு சொன்னதும் காத மூடிட்டேன்.

மெக்கானிக் அண்ணன்கிட்ட ஓடுனேன். "அண்ணே, வலது பக்கம்."

அவரு ஸ்பேனர கீழ வச்சிட்டு, "இப்ப எத்தன பேரு சொல்றாங்க?"

"ஒரே ஆளு அண்ணே. எங்க அக்கா."

"அவங்களுக்கு வண்டி வேல தெரியுமா?"

"சைக்கிளே ஓட்டத் தெரியாது."

"அப்ப கழட்டலாம்"னு உடனே கழட்டிட்டாரு!

வலது பேரிங் கையில வந்துச்சு. சுத்திப் பாத்தேன். கறகறகறகற. உள்ள மண்ணு போட்ட மாதிரி. குண்டெல்லாம் பொரிஞ்சு போயிருந்துச்சு. ஏன் போச்சுன்னும் தெரிஞ்சிடுச்சு. ஆக்சிலுக்கு மேல காத்துப் போக ஒரு குட்டிக் குழாய் இருக்கும், அதுல ஏதோ பூச்சி மண்ணு வச்சு கூடு கட்டி அடைச்சிருக்கு. சூட்டுல உள்ள காத்து முட்டி, போக வழி இல்லாம ஓரத்துல ஆயில தடுக்குற ரப்பர் சீல்-ஐ வெளிய தள்ளி, ஆயில் கசிஞ்சு, வலது பேரிங் காஞ்சு போச்சு. குழாயச் சுத்தம் பண்ணி, புது சீல், புது பேரிங், புது ஆயில். முடிஞ்சது.

வண்டிய எடுத்தேன். நாப்பது. அம்பது. அறுபது. ஒண்ணும் இல்ல அக்கா. டயரு ரோட்டுல ஓடுற சத்தம், ஜன்னல்ல காத்து, அவ்ளோதான். நான் கத்துன கத்துல பக்கத்துல போன சைக்கிள்காரர் இறங்கி நின்னுட்டாரு.

ஆனா உனக்கு உடனே எழுதல. மூணு நாள் ஓட்டுனேன். நேத்து ஏழு பொண்ணுங்க எடைக்குத் தண்ணி கேன் ஏத்திட்டு உன் மலைக்கே வந்தேன். எல்லா வளைவும் ஏறுனேன், ஆத்துக்கல்லு எல்லாம் தாண்டுனேன். கடைசி வளைவுக்குக் கீழ உன் பள்ளிக்கூட மணி அடிக்கிறது கேட்டுச்சு. மேல வரல. நீ வான்னு எழுதாம வரக்கூடாதுன்னு அங்கயே திருப்பிட்டேன்.

இப்ப சொல்ல வேண்டியது. போன வருஷம் அந்த வண்டி திடீர்னு நிக்கல அக்கா. வீட்ட விட்டுக் கிளம்பும்போதே இன்ஜின்ல ஒரு சத்தம் கேட்டுச்சு. தெளிவா கேட்டுச்சு. நிறுத்திப் பாத்தா லேட்டாயிடும்னு பாட்ட சத்தமா வச்சிட்டேன். எல்லாருகிட்டயும் "திடீர்னு நின்னுடுச்சு"ன்னே சொல்லிட்டு இருக்கேன். உங்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். நீ ஷூ பத்தி எழுதுனதுக்கு அப்புறம் இனிமே அப்படிச் சொல்ல முடியாது.

என்னை வேணாம்னு சொன்னாலும் சரி. ஆனா நீ கேட்ட ஒரு வரி இதோ:

ஆம். வண்டி வரும்.

வாலு


மார்ச் 8, ஞாயிறு

அடி வாலு,

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நெட்டை ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கே என்ன பார்வை?"

"டீச்சர், கீழ வளைவுல ஒரு வண்டி வந்துட்டுத் திரும்பிப் போகுது."

"எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே."

"எனக்கும் கேக்கல டீச்சர். தூசிதான் தெரிஞ்சது."

உன் கடிதம் வந்தபோது வண்டியைப் பற்றி எனக்குப் புதிதாகத் தெரிய வேண்டியது எதுவும் பாக்கியில்லை. அந்தப் பாட்டு விஷயம் தவிர. அதை இரண்டு தடவை படித்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. போன வருஷமே சொல்லியிருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன், அந்த வாய்ப்பைக் கெடுத்துவிட்டாய்.

தொட்டியை நகர்த்தவில்லை என்பதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்குத் தெரியாது.

போட்டிக்காரர்களுக்கு "வருகிறோம்" என்று எழுதிவிட்டேன். பொண்ணுங்களிடமும் சொல்லிவிட்டேன். நான் முடிப்பதற்குள் கூரை பறந்துவிட்டது. ஓவிய ஆசிரியர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார், எங்கேயோ தீ என்று நினைத்து.

சனிக்கிழமை காலை ஆறு மணி. குண்டூசி முன் சீட்டு, கையில் ஒரு பை. நெட்டை பேசமாட்டாள், நீயும் பேச வைக்காதே, ஆட்டத்துக்கு முன்னால் அவள் அப்படித்தான். நான் வரவில்லை. பொறுப்பாளர் என்று உன் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறேன். உன்னை நம்புகிறேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, அதனால் சீட்டு இல்லை என்று எழுதுகிறேன்.

அக்கா


மார்ச் 14, சனி, மத்தியானம் ஒண்ணரை, மைதானத்துப் படிக்கட்டு, ஸ்கோர் தாளோட பின்பக்கம்

அக்கா ஜெயிச்சிட்டாங்க ஜெயிச்சிட்டாங்க, ஒண்ணு இல்ல ரெண்டு மேட்சு, நாளைக்கு ஃபைனல்!!!

பால் வண்டி அண்ணன் கிளம்பறதுக்குள்ள எழுதிடறேன், பக்கத்துலயே நின்னு வாட்சப் பாத்துட்டு இருக்காரு.

ஆறு மணிக்கு நீ பாத்த மாதிரியே கிளம்புனோம். ஒரு சத்தம் இல்ல. அதாவது வண்டியில இல்ல. உள்ள ஏழு பேரும் போட்ட கூச்சல்ல பின்னாடி யானையே கட்டி இழுத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது. அதனால ரெண்டு இடத்துல நிறுத்தி, "எல்லாரும் ஒரு நிமிஷம் வாயை மூடுங்க"ன்னு சொல்லிட்டு ஜன்னலத் தொறந்து மெதுவா ஓட்டிக் காத வச்சுக் கேட்டேன். ரெண்டாவது தடவ நெட்டையே "நல்லாருக்குக்கா, போங்க"ன்னா. பேசுனா அக்கா! எங்கிட்ட!

குண்டூசி வாந்தி எடுக்கல. ஆனா இறங்குனதும் "அக்கா, நான் முன் சீட்டுக்காகச் சும்மா சொன்னேன்"னு காதுல சொல்லிட்டு ஓடிட்டா.

முதல் மேட்ச் சுலபம். ரெண்டாவதுதான் உயிர் போய் உயிர் வந்துச்சு. ஆளுக்கு ஒரு செட்டு. மூணாவது செட்டுல பதிமூணு பதிமூணு. எதிர் டீம் புள்ளைங்க எல்லாம் ஏணி ஏணியா இருக்காங்க. குண்டூசி சர்வீஸ் போட வந்தா. அவங்க சிரிச்சாங்க. இவ கீழ கைய விட்டு ஒரு தட்டு தட்டுனா பாரு, பந்து வலை மேல உக்காந்து யோசிச்சிட்டு அந்தப் பக்கம் விழுந்துச்சு. பதினாலு. அடுத்ததுக்கு நெட்டை எகிறுனா. எங்க இருந்து எகிறுனா, எப்ப இறங்குனான்னு எனக்குத் தெரியல, கண்ண மூடிட்டேன். தொறந்து பாத்தா ஆறு பேரும் அவ மேல கிடக்காங்க. அடியில இருந்து ஒரே ஒரு வெள்ளை ஷூ மட்டும் தெரியுது.

எழுந்து வந்து அவ கேட்ட முதல் கேள்வி: "டீச்சருக்கு யாரு சொல்லுவாங்க?"

அதான் எழுதறேன். ராத்திரி எல்லாரும் நம்ம வீட்டுலதான். அம்மா இப்பவே பாய், போர்வை எல்லாம் எண்ணிட்டு இருப்பாங்க, அப்பாவுக்கு தகவல் சொல்லிட்டேன். அவரு நாளைக்கு மைதானத்துக்கு வராராம், வண்டியில ஏறியே வராராம்!

இப்ப நீ செய்ய வேண்டியது. இந்தத் தாளை எல்லா வீட்டு வாசல்லயும் நின்னு சத்தமா படி. ஏழு பேரு வீட்டுலயும். அப்புறம் மத்த வீட்டுலயும். ஃபைனல் நாளைக்கு நாலு மணிக்கு. காலைல எட்டு மணிக்கு நான் மேல வரேன், ஓட்டுற சீட்டு போக மீதி எல்லாம் காலி. பால் வண்டி அண்ணன் கேன் ஏத்தறதுக்கு முன்னாடி தனியா ஒரு நடை ஆளுங்கள இறக்கி விடறேன்னு சத்தியம் பண்ணியிருக்காரு. பத்தலன்னா நான் இன்னொரு நடை வரேன், மூணு நடைகூட வரேன், வண்டி தாங்கும். தம்பிங்க, தங்கச்சிங்க, ஓவிய ஆசிரியர், கைதட்டத் தெரிஞ்சவங்க, விசிலடிக்கத் தெரிஞ்சவங்க, ஒண்ணுமே தெரியாதவங்க, எல்லாரையும் திரட்டு. எதிர் டீமுக்கு ரெண்டு பஸ்ஸு நிறைய ஆளு வந்திருக்கு அக்கா, நம்ம பக்கம் இன்னைக்கு நான் ஒருத்திதான் கத்திட்டு இருந்தேன், தொண்டை போச்சு.

பதில் எழுத உக்காராத. எல்லாரையும் கூட்டிட்டு வளைவுல வந்து நில்லு.

வாலு